பழைய ஒலிப்பெட்டியும் புதிய இசைக்கருவியும்

கருவி பழமையடைதல் வேறு. பயனற்றுப் போதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் இக்காலத்து மிகுந்து வருகின்றது. நன்றாகப் பாடவல்ல ஒலிப்பெட்டி ஒன்று, அதற்கேற்ற ஒலிநாடா கடையிற் கிடைப்பதில்லை என்னும் ஒரே காரணம் பற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பப்படுகின்றது. அப்பெட்டியினுள்ளே பழுதுபட்டது யாதுமில்லை. அதனுள் ஒலி புகுதற்குரிய வாயில் ஒன்றே அடைபட்டது. வேறொரு வாயிலைத் திறப்போமாயின் அது பின்னும் பல்லாண்டு உழைக்கும். மோட்டார் சைக்கிளிற் பொருத்தப்பட்ட பழைய ஒலிப்பெட்டியோடு, சட்டைப்பையில் அடங்கும் புதிய இசைக்கருவியையாவது கைப்பேசியையாவது இணைத்துப் பயன்கொள்ளும் முறையை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

பழையதையும் புதியதையும் இணைக்கும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் பழம்பதி உளது. முதலாம் இராசராச சோழன் ஆட்சியில் அவ்வூர்க் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஏற்பாடாயிற்று. சுவரைப் பிரிக்குமுன் அதன்மேல் இருந்த கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்திற் படியெடுத்து வைத்தனர். அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரன் ஆட்சியில் அப்படியைக் கொண்டு புதிய சுவரிலே அவற்றை மீண்டும் பொறித்தனர். கல் மாறிற்று, சொல் மாறவில்லை. ஒலிநாடாவினின்று கைப்பேசிக்கும், கைப்பேசியினின்று பழைய பெட்டிக்கும் ஒலியை மாற்றும் நாமும் செய்வது அதுவே. பொருள் கெடாமல் இடம் மாற்றுதலே இதன்கண் உள்ள திறமை.

இது யாவர்க்கு வேண்டும்?

ஜப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டில் கோல்டு விங் என்னும் பெரிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டனர். நெடும்பயணம் செய்வோர்க்கென அமைந்த அவ்வண்டிக்கு 1980ஆம் ஆண்டு முதல் முன்புறக் காற்றுத் தடுப்பும், வேண்டுவோர்க்கு வானொலிப் பெட்டியும் சேர்த்துத் தரப்பட்டன. பின்வந்த மாதிரிகளில் ஒலிநாடாக் கருவியும் இடம்பெற்றது. அவ்வண்டிகள் இன்றும் மேனாடுகளில் ஓடுகின்றன; அவற்றை உடையோர், பழைய பெட்டியைக் கழற்றி எறியாமல், புதிய இசைக்கருவியை அதனோடு இணைத்து மகிழ்கின்றனர்.

நம் பக்கத்தில் இத்தேவை வேறு வடிவத்தில் உளது. 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வண்டி வந்த பின்னர், தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் சென்ற சிறு வணிகர் பலர் மோட்டார் வண்டி ஏறினர். உப்பு, மீன், பாய், பிளாஸ்டிக் குடம் முதலியன விற்போரும், பழைய இரும்பும் பித்தளையும் எடுப்போரும் வண்டியின் முன்னே குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டி, முன்னரே பதிந்து வைத்த தம் கூவலை ஒலிக்கச் செய்து தெருத்தெருவாகச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பங்குனியில் திருமழபாடியில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமண விழா போன்ற பெருங்கூட்டங்களை நாடி வரும் வணிகர்க்கும் இக்கருவி உற்ற துணையாம்.

இவர்க்கு ஒலிப்பெட்டி பொழுதுபோக்கன்று, பிழைப்பு. பகல் முழுதும் வாயாற் கூவினால் மூன்றாம் நாள் தொண்டை கட்டும். தொண்டை கட்டினால் அன்றைய விற்பனை குன்றும். அவர் கையிலுள்ள கைப்பேசியோ, வாடிக்கையாளரிடமிருந்து பணம் பெறுதற்கும், மொத்த வியாபாரியிடம் சரக்குச் சொல்லுதற்கும், வீட்டாரோடு பேசுதற்கும் உரியது. பிழையாக இணைத்த கம்பி ஒன்று அதனை எரித்துவிடுமாயின் பல நாளைய வருவாய் ஒரு நொடியில் அழியும். ஆதலின் எந்தக் கம்பி எதற்கு, அது ஏன் அங்ஙனம் என்று அறிந்தே இணைத்தல் வேண்டும்.

ஒலி மின்னாகச் செல்லும் வகை

எந்த ஒலிப்பெட்டியிலும் மூன்று உறுப்புக்கள் உள. ஒன்று, ஒலியைத் தரும் மூலம். அது வானொலியாகவோ ஒலிநாடாவாகவோ மைக்காகவோ இருக்கலாம். இரண்டாவது, அம்மூலத்திலிருந்து வரும் மெல்லிய மின்னசைவைப் பெருக்கும் ஆம்ப்ளிபையர். இதனைப் பெருக்கி என்போம். மூன்றாவது, பெருகிய மின்னை மீண்டும் ஒலியாக்கும் ஸ்பீக்கர். பழைய பெட்டியில் முதலுறுப்பு மாத்திரமே காலத்துக்கு ஒவ்வாதது. மற்றிரண்டும் இன்றும் ஒக்கும். எனவே மூலத்தை மாத்திரம் மாற்றிப் பெருக்கியின் வாயிலிலே சேர்த்தால் நம் வேலை முடிந்தது.

ஆயின் எல்லா மூலங்களும் ஒரே வலிமையுடையன அல்ல. மைக் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவினதே. ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் ஆயிரத்திலொரு பங்கு. ஒலிநாடாக் கருவி முதலியன பெருக்கிக்கு அனுப்பும் அழுத்தம் ஏறக்குறைய 0.3 வோல்ட். கைப்பேசியின் காதொலித் துளையிலிருந்து வருவது, ஒலியை முழுதும் உயர்த்தின் ஒரு வோல்ட் வரையிலும் செல்லும். பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வதோ மிகப் பெரிது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் ஆற்றல் தரவேண்டுமாயின் ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். 16 ஓம் குழாய்க்கு 30 வாட் தருதற்கு ஏறக்குறைய 22 வோல்ட் வேண்டும்.

ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். முக்கொம்பில் 1836ஆம் ஆண்டில் மேலணை கட்டப்பட்டது, காவிரியும் கொள்ளிடமும் தத்தமக்குரிய அளவு நீரைப் பெறும் பொருட்டேயாம். கொள்ளிடத்து வெள்ளத்தை வயலின் வாய்மடையில் விட்டால் வரப்பு நில்லாது. வாய்மடை நீரைக் கொள்ளிடத்தில் விட்டால் மணலும் நனையாது. அங்ஙனமே ஸ்பீக்கருக்குரிய மின்னைக் கைப்பேசியின் துளையில் விட்டால் கைப்பேசி அழியும். கைப்பேசியின் மின்னை மைக் வாயிலில் நேரே விட்டால் ஒலி சிதறிக் கரகரக்கும். உரிய நீர் உரிய மடையிற் பாய வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி.

இணைக்கும் நால்வழிகள்

முதல் வழி, நேரே கம்பி இணைத்தல். பெருக்கியின் பின்புறத்தே ஆக்ஸ் என்று குறிக்கப்பட்ட துளை இருக்குமாயின் அதுவே சிறந்த வாயில். கைப்பேசியின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கும் அவ்வாயிலுக்கும் ஏற்ற முனைகள் பூண்ட கம்பி ஒன்று போதும். பெருக்கியில் இருப்பது, சிவப்பும் வெள்ளையுமான இரட்டைத் துளையாகவோ, 6.35 மில்லிமீட்டர் பெருந்துளையாகவோ, ஐந்து முள் செருகும் வட்டத் துளையாகவோ இருக்கலாம். இவற்றுக்கேற்ற முனைகள் வானொலிச் சாமான் விற்கும் கடைகளிற் கிடைக்கும். இவ்வழியில் ஒலி தெளிவாக வரும், செலவும் சிறிது.

ஆக்ஸ் துளையின்றி மைக் துளை மாத்திரமே உள்ள சிறு பெருக்கிகளும் உள. அவற்றில் இணைக்குங்கால் கைப்பேசியின் அழுத்தத்தை நூற்றிலொரு பங்காகக் குறைத்தல் வேண்டும். இதற்கு இரண்டு மின்தடைகள் போதும். ஒலி வரும் கம்பியின் இடையே 10,000 ஓம் தடை ஒன்றை வைத்து, அதற்கப்பால் மைக் துளையின் நடுமுனைக்கும் எர்த்துக்கும் குறுக்கே 100 ஓம் தடை ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். 0.3 வோல்ட் உள்ளே செல்லுமாயின் வெளியே வருவது ஏறக்குறைய 3 மில்லிவோல்ட். இது மைக்கின் அளவோடு ஒக்கும்.

இரண்டாவது வழி, கேசட்டு வடிவான இணைப்பி. ஒலிநாடாக் கேசட்டை ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அரைமணி நேரம் பாட ஏறக்குறைய 86 மீட்டர் நாடா வேண்டும். நாடாவின்மேற் பூசிய காந்தப் பொடியிலுள்ள மாறுதல்களைப் பெட்டியின் காந்தத் தலை உணர்ந்து மின்னாக மாற்றுகின்றது. அத்தலைக்கு நாடாவே வேண்டுமென்பதில்லை. மாறும் காந்தப் புலம் ஒன்று முன்னின்றாற் போதும். இணைப்பியினுள்ளே நாடா இராது. நாடா உராயும் இடத்தில் மற்றொரு காந்தத் தலை இருக்கும். கைப்பேசியின் மின் அதனுள் ஓடுங்கால் எதிர்நிற்கும் பெட்டியின் தலை அதனை உணர்ந்து பாடும். ஆக்ஸ் துளையில்லாத கேசட்டுப் பெட்டிக்கு இது மிக எளிய வழி. பெட்டியைத் திறக்க வேண்டுவதில்லை. ஒரு கம்பியையும் அறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் பெட்டியின் தலை அழுக்கடைந்திருப்பின் ஒலி மங்கும். பஞ்சில் ஸ்பிரிட்டு நனைத்து மெல்லத் துடைத்தல் நன்று. வண்டி குலுங்குங்கால் இரு தலைகளும் சிறிது விலகி ஒலி ஏறி இறங்குதலும் உண்டு.

மூன்றாவது வழி, சிற்றலைபரப்பி. இது கைப்பேசியின் ஒலியை எப்.எம். அலையாக்கிச் சில மீட்டர் தூரத்துக்கு அனுப்பும். பழைய வானொலி அதனை ஒரு நிலையம்போலப் பற்றிக்கொள்ளும். இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள இடத்தில் நிகழ்கின்றது. அவ்விடத்தில் வேறு நிலையம் பேசாத வெற்றிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஓர் ஊரில் வெற்றிடமாயிருந்தது அடுத்த ஊரில் நிலையத்தின் இடமாயிருத்தல் கூடும். ஆதலின் ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு இது தொல்லை தரும். மத்திய அலை மாத்திரமே கேட்கும் மிகப் பழைய வானொலிக்கோ இவ்வழி சிறிதும் பயன்படாது.

நான்காவது வழி, புளூடூத் ஏற்பி. இது விரலளவான சிறு கருவி. கைப்பேசி அனுப்பும் நுண்ணலையை வாங்கிச் சாதாரணக் காதொலி மின்னாக்கிக் கம்பி வழியே பெருக்கியின் ஆக்ஸ் துளைக்குத் தரும். கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கலாம்; வண்டியினின்று இறங்குங்கால் கம்பியை மறந்து இழுக்கும் விபத்து இல்லை. மழையில் நனையாமல் கைப்பேசியைக் காத்தலும் எளிது. 2016ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஐபோன் 7 என்னும் கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கினர். பிறரும் பலர் அவ்வழிச் சென்றனர். அத்தகைய கைப்பேசி உடையோர்க்கு இவ்வழியே தகும். அன்றி, மின்னேற்றும் துளையிற் செருகி ஒலியை வெளிக்கொணரும் சிறு இணைப்பி வாங்கியும் முதல் வழியைக் கைக்கொள்ளலாம்.

முனையின் அமைப்பு

காதொலி முனையை உற்றுநோக்கினால், கறுப்பு வளையங்களால் அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருத்தல் தோன்றும். மூன்று பகுதியுடைய முனையில் நுனி இடச்செவிக்குரிய ஒலியையும், நடு வளையம் வலச்செவிக்குரிய ஒலியையும் கொண்டுவரும். அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த் ஆகும். நான்கு பகுதியுடையதாயின் நான்காவது மைக்கின் பொருட்டாம்.

இரண்டு பகுதி மாத்திரமே உடைய முனையை இத்துளையிற் செருகுதல் தவறு. அம்முனையின் நீண்ட அடிப்பகுதி வலச்செவி ஒலியை நேரே எர்த்தோடு சேர்த்துவிடும். அதனால் ஒரு பாதி ஒலி மறைவதோடு, கைப்பேசியின் உள்ளுறுப்பும் வீணே உழைத்து வருந்தும்.

வணிகர் வண்டியிலுள்ள பெருக்கி பெரும்பாலும் ஒற்றை ஒலியினது. கைப்பேசியோ இரட்டை ஒலி தருவது. இரண்டையும் ஒன்றாக்குதற்கு இடக்கம்பியையும் வலக்கம்பியையும் நேரே முறுக்கிவிடுவோர் உளர். அங்ஙனம் செய்தால் ஒரு பக்கத்து மின் மறுபக்கத்துள் எதிர்த்துப் புகும். இரு காளையை எதிரெதிரே பூட்டிய ஏர்போல இரண்டும் வலிவிழக்கும். ஒவ்வொரு கம்பியிலும் 1,000 ஓம் தடை ஒன்றை வைத்து, அத்தடைகளின் மறுமுனைகளை ஒன்றாக்கிப் பெருக்கிக்குக் கொண்டு செல்லுதலே முறை. சில ரூபாய் விலையுள்ள இவ்விரு தடைகளும் பல்லாயிரம் ரூபாய் பெறும் கைப்பேசியைக் காக்கும்.

ஸ்பீக்கர்க் கம்பிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். வண்டிகளுக்கென்று செய்யப்பட்ட பல பெருக்கிகளில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரு கம்பிகளுள் எதுவும் எர்த் அன்று. அவற்றுள் ஒன்றை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்தால் பெருக்கி எரிந்துபோதல் கூடும். ஆதலின் ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் சட்டத்தைத் தொடாமல் தனித்தே செல்ல வேண்டும்.

பாட்டரியும் பியூசும்

பழைய மோட்டார் சைக்கிள்களுட் பல 6 வோல்ட் பாட்டரி உடையன. பழைய மொபெட்டுக்களுட் பாட்டரியே இல்லாதனவும் உண்டு. ஒலிப்பெட்டிகளோ பெரும்பாலும் 12 வோல்ட் வேண்டுவன. ஆதலின் வணிகர் தனியே ஒரு 12 வோல்ட் பாட்டரியை வண்டியில் வைத்து இரவில் வீட்டில் மின்னேற்றிக் கொள்கின்றனர். 7 ஆம்பியர்-மணி அளவுடைய சிறு பாட்டரியிலிருந்து பெருக்கி சராசரி ஒன்றரை ஆம்பியர் எடுக்குமாயின் கணக்கின்படி நாலரை மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஆனால் பாட்டரியை அடிவரை வற்றவிடுதல் அதன் ஆயுளைக் குறைக்கும். மூன்று மணி நேரத்தோடு நிறுத்துதல் அறிவுடைமை. வீடுதோறும் நின்று பேசும் வேளையில் ஒலியை நிறுத்தினால் அம்மூன்று மணி நேரமே ஒரு பகலுக்குப் போதும்.

பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் ஒன்று வைத்தல் இன்றியமையாதது. 30 வாட் பெருக்கி முழு வலிமையில் ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் ஏற்றது. பியூஸ் எரியுங்கால் அதனிடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கம் மிகத் தீயது. பியூஸ் எரிந்தது ஒரு குற்றத்தை நமக்கு அறிவிக்கும் பொருட்டேயாம். அறிவிப்பவன் வாயைக் கட்டிவிட்டால் அடுத்து எரிவது கம்பி. அதன்பின் எரிவது வண்டி. அக்கம்பி பெட்ரோல் தொட்டியின் அருகே செல்வதை மறத்தலாகாது.

கைப்பேசிக்கு மின்னேற்ற 5 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் கருவிகள் இருவகைய. ஒருவகை எஞ்சிய 7 வோல்ட்டையும் வெப்பமாக்கிக் கழிப்பது. ஓர் ஆம்பியர் செல்லுங்கால் 7 வாட் வீணே சூடாகும். மற்றொருவகை மின்னை விரைவாகத் திறந்து மூடி வேண்டும் அளவே எடுப்பது. இதில் வீண் மிகச் சிறிது. வண்டிக்கு இரண்டாவதே தக்கது.

இரைச்சலும் அதன் நீக்கமும்

எல்லாம் இணைத்த பின்னர்ப் பாட்டோடு சேர்ந்து ஓர் இரைச்சல் கேட்டல் பெரும்பான்மை. எஞ்சின் வேகம் ஏற ஏற அவ்விரைச்சலின் சுருதியும் ஏறுமாயின் அது மின்னாக்கியினின்று வருவது. படபடவென்று தனித்தனியே கேட்குமாயின் ஸ்பார்க் பிளக்கின் பொறியினின்று வருவது. எஞ்சினை நிறுத்தியபின்னும் ஒரே சீராக இரைவது பெரும்பாலும் எர்த்தின் குற்றம். அன்றேல் 5 வோல்ட் தரும் மலிந்த கருவியின் குற்றம்.

எர்த்தின் குற்றம் யாங்ஙனம் உண்டாகின்றது எனின், கூறுதும். கைப்பேசி ஒரே பாட்டரியில் மின்னேறிக் கொண்டே பாடுமாயின் அதற்கும் பெருக்கிக்கும் இடையே எர்த் வழிகள் இரண்டாகின்றன. ஒன்று மின்னேற்றும் கம்பி, மற்றொன்று ஒலிக் கம்பி. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகும். மின்னேற்றும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஒலிக் கம்பியின் எர்த் வழியே திரும்ப முயலும். அதுவே இரைச்சலாகக் கேட்கும். இதனை அறிதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மின்னேற்றும் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உடனே இரைச்சல் நின்றால் குற்றம் வளையத்தினுடையது.

நீக்கும் வழி மூன்று. பாடும்போது மின்னேற்றாமலிருத்தல் செலவில்லாத வழி. பெருக்கியின் எர்த்தையும் மின்னேற்றும் கருவியின் எர்த்தையும் பாட்டரியின் ஒரே முனையிற் கொண்டுபோய்க் கட்டுதல் இரண்டாவது. இவற்றாலும் நில்லாதாயின், ஒலிக் கம்பியின் இடையே ஒன்றுக்கொன்று என்னும் அளவுள்ள சிறு டிரான்ஸ்பார்மரை வைத்தல் மூன்றாவது. ஒலியின் அசைவு காந்தத்தின் வாயிலாக அதனைக் கடந்து செல்லும். எர்த்து மின்னோட்டம் கடவாது நிற்கும். ஸ்பார்க் பிளக்கின் இரைச்சலுக்கு, 5,000 ஓம் தடை உள்ளடங்கிய பிளக் மூடி போடுதல் மருந்தாம்.

இயக்கும் முறை

முனைகளைச் செருகுங்காலும் கழற்றுங்காலும் பெருக்கியை நிறுத்தி வைத்தல் வேண்டும். இல்லையேல் டப் என்னும் பேரோசை எழுந்து ஸ்பீக்கரின் மெல்லிய சுருளைக் கெடுக்கும். இயக்குங்கால் முதலிற் கைப்பேசியின் ஒலியை முக்காற் பங்கு உயர்த்திப் பின்னர்ப் பெருக்கியின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். கைப்பேசியை மிகத் தாழ்த்திப் பெருக்கியை மிக உயர்த்தினால் இரைச்சலே மிகும். கைப்பேசியை முழுதும் உயர்த்தினால் ஒலி சிதறும். அழைப்பு வருங்கால் மணியோசையும் உரையாடலும் தெருவெங்கும் ஒலியாவண்ணம், வணிகர் பழைய கைப்பேசி ஒன்றை ஒலிப்பதற்கென்றே தனியே வைத்தல் நலம். கூவலைப் பதிவதற்கு உயர்ந்த கருவி வேண்டுவதில்லை. விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்பி3 முறையிற் பதிந்த ஒலி, ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் இடமே கொள்ளும்.

செவியும் சட்டமும்

ஒலியை உண்டாக்கும் உரிமையோடு பிறர் செவியைக் காக்கும் கடமையும் பிறக்கின்றது. இந்திய அரசாங்கத்தார் 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகளை இயற்றினர். அவற்றின்படி உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாகாது. பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதனை ஒலிக்கச் செய்தல் பொதுவாக விலக்கப்பட்டுள்ளது. குடியிருப்பு இடங்களில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரையறை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சூழ்ந்து 100 மீட்டர்க்குக் குறையாத இடம் அமைதி வட்டமாக அறிவிக்கப்படலாம். பள்ளிக்கூடத்து வாயிலைக் கடக்குங்கால் திருகைத் தாழ்த்தும் வணிகர் சட்டத்தையும் காப்பவர். பிள்ளைகளின் படிப்பையும் காப்பவர்.

வண்டி ஓட்டுவோர் தம் செவியையும் மறத்தலாகாது. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதே முதிர்ந்தோர் செவி தாங்கும் அளவென உலகச் சுகாதார நிறுவனத்தார் கூறுவர். அதனினும் 3 டெசிபெல் மிகுந்தால் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். குழாய் ஸ்பீக்கரைத் தம் முகத்துக்கு நேரே வைத்து நாள் முழுதும் செல்வோர், சில ஆண்டுகளில் மெல்லிய ஒலியைக் கேளாதவராதல் கூடும். குழாயின் வாயை முன்னோக்கித் தள்ளி வைத்தால் ஓட்டுவோர் செவியில் விழும் ஒலி பெரிதும் குறையும். பாட்டுக் கேட்டுக்கொண்டு செல்லும் இளைஞர் இரு செவியிலும் காதொலி பூண்டு செல்லுதல் பெருந்தீங்கு. பின்வரும் லாரியின் ஒலி கேளாத செவி, கண்ணிருந்தும் பாதி குருடாயினார்க்கு ஒப்பாம். சாலையில் ஒலிப்பெட்டியின் பாட்டு, பிற வண்டிகளின் ஒலியை மறைக்காத அளவில் நிற்றல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், பழைய ஒலிப்பெட்டியைக் கைவிட வேண்டுவதில்லை என்பதும், அதனைப் புதிய கருவியோடு சேர்த்தற்குச் சிறு கம்பியும் இரண்டொரு தடைகளும் சிறிது அறிவும் போதுமென்பதும், அவ்வறிவின்றிச் சேர்த்தல் பொருட்கேடும் உயிர்க்கேடும் தருமென்பதும் விளங்கும். பெட்டியில் இன்னும் கேசட்டு ஓடுமாயின், அதனை விலக்குமுன் மற்றொரு பணியும் செய்துகொள்ளலாம். வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாக்களில் முன்னோர் குரலும், திருவிழாவிற் பதிந்த நாகசுரமும், ஆலயத்துப் பாடற்குழுவின் பாட்டும் இருக்கக்கூடும். நாடாவின் காந்தப் பொடி ஆண்டுகள் செல்லச் செல்ல உதிரும். உதிருமுன் பெட்டியின் வெளித்துளையிலிருந்து கணிப்பொறிக்கு ஒலியைக் கொண்டுசென்று படியெடுத்து வைத்தல், திருமழபாடிச் சுவரைப் பிரிக்குமுன் அதன் எழுத்தைப் படியெடுத்தோர் செய்த நற்செயலுக்கு ஒப்பாகும்.

மாணவ நண்பர்களே! ஓம் விதியை நாம் கல்லூரியில் ஏட்டிற் படிக்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நம் தெருவில் வரும் வணிகரின் வண்டியை ஒருமுறை நின்று பாருங்கள். அவர் பாட்டரியில் பியூஸ் உண்டா, கம்பிகள் முறுக்கிவிடப்பட்டனவா, பற்றவைக்கப்பட்டனவா என்று அன்போடு கேளுங்கள். வேண்டுமாயின் இரு தடைகளை வைத்துக் கொடுங்கள். கற்ற கல்வி அயலார்க்கு உதவும் இடம் அதுவே. அன்று மாலையில் அவர் தொண்டையும் கைப்பேசியும் கெடாமல் வீடு திரும்புவாராயின், நாம் கற்றது வீண்போகவில்லை என்க.